பொது வீட்டுக்கு ஒரு பங்காளி வரி கட்டினால் வீடு யாருடையது?

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் பாட்டையா (அப்பாவின் தாத்தா) கட்டிய வீடு இருக்கிறது. தெருவுக்குத் தெரு ஓடும் வழக்கமான செட்டிநாட்டு வீடுதான். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, பின்னால் கிணறு, தோட்டம். பாட்டையாவுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் வழியில் இப்போது பெரியப்பா ஒருவர்தான். நடு மகன் எங்கள் ஐயா, அதாவது என் தாத்தா. அவருக்கு நான்கு பிள்ளைகள்: என் அப்பச்சி (அப்பா), இரண்டு சித்தப்பா, ஓர் அத்தை. கடைசி வழியில் இரண்டு சித்தப்பாக்கள். அவர்களில் மூத்தவர் மட்டும் ஊரோடு தங்கிவிட்டார், இரண்டாங்கட்டில் குடியிருக்கிறார். மற்றவர்கள் கோவை, சென்னை, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். கல்யாணம், படைப்பு (பங்காளிகள் கூடிக் குடும்பச் சாமிக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால்தான் முகப்புக் கதவு முழுதாகத் திறக்கும்.

சொத்து வரியைப் பல வருடமாக ஊரில் இருக்கும் சித்தப்பாதான் கட்டுகிறார். அவரும் பங்கு கேட்டதில்லை, நாங்களும் விசாரித்ததில்லை. அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வளர்ந்து, "ரசீது எல்லாம் என் கையில் இருக்கு, வரி கட்டினவனுக்குத்தான் வீடு" என்று சொல்லிவிட்டார். அப்பச்சி அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

என் கேள்விகள்: வரி கட்டினால் வீடு அவருக்குப் போய்விடுமா? கேட்பு (வரி கட்டச் சொல்லும் நோட்டீஸ்) இன்னும் பாட்டையா பெயரில்தான் வருகிறதாம், அது சிக்கலா? இந்த வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கோவையில் இருந்துகொண்டு நானே கட்ட முடியுமா? இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

செக்காலைவாசி எழுதியது:

வரி கட்டினவனுக்கு வீடு என்றால் எங்கள் வீடு எப்போதோ கணக்கப்பிள்ளைக்குப் போயிருக்க வேண்டும். முப்பது வருடம் அவர்தான் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

தேவகோட்டை குமாஸ்தா எழுதியது:

வக்கீல் ஆபீசில் பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளோடு காலம் தள்ளுகிறவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வரி ரசீது உரிமை ஆவணம் இல்லை. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. ரசீது காட்டுவது ஒன்றைத்தான்: இந்தக் கட்டடத்துக்கு இந்த அரையாண்டுக்குரிய பணம் வந்து சேர்ந்தது. யார் கொண்டுவந்து கொடுத்தார் என்று உள்ளாட்சி பார்ப்பதில்லை. அனுபோகத்துக்கு ஒரு துணைச் சான்றாக ரசீதை நீட்டலாம். ஆனால் கூட்டுச் சொத்தில் அதற்கும் வலு குறைவு. ஒரு பங்குதாரர் குடியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்த்துத்தான் குடியிருக்கிறார். "உங்களுக்கு இதில் பங்கே கிடையாது" என்று வெளிப்படையாக மறுத்து, அது மற்றவர்களுக்குத் தெரிந்து, அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் எதிரனுபவம், அதாவது நெடுநாள் அனுபவித்ததாலேயே உரிமை கேட்பது, என்ற பேச்சே எழும்.

ஆகவே உங்கள் சித்தப்பாவின் ரசீதுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டில் அவர் சொன்ன அந்த வார்த்தையைச் சும்மா விடாதீர்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "வீடு மூன்று வழிக்கும் பொது, வரியில் எங்கள் பங்கைத் தருகிறோம்" என்று எழுத்தில் ஒரு கடிதம் போகட்டும், பதிவு செய்த விரைவுத் தபாலில். அது உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

நன்றி அண்ணே. அப்பச்சியிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கிறது. பதிவுத் தபால் என்றதும் "தம்பிக்கு நோட்டீஸ் விட்ட மாதிரி ஆகிவிடுமே" என்கிறார்.

ரங்கூன் ஐயா எழுதியது:

கடிதத்தை வக்கீல் தாளில் எழுதாமல் உங்கள் அப்பச்சி கைப்பட எழுதட்டும். பிள்ளையார் சுழி போட்டு, நலம் விசாரித்து, அப்புறம் விஷயத்துக்கு வரட்டும். தபாலில் பதிவு எண் இருந்தால் போதும். உள்ளே மரியாதை இருக்கலாம், தப்பில்லை.

முகப்புத் தூண் எழுதியது:

உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஊர் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் எல்லா வகையும் கலந்து கிடக்கிறது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் எல்லாம் பேரூராட்சி. தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூரும் கண்டனூரும் பக்கத்து ஊராட்சிகள் சிலவும் அதோடு சேர்ந்தன. ஆத்தங்குடி மாதிரி ஊர்கள் கிராம ஊராட்சி, அங்கே சட்டமே வேறு. ஊராட்சிக்கு 1994 ஊராட்சிகள் சட்டம். நகர்ப்புறத்துக்கு முன்பு 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்தது, இப்போது 1998 நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

கணக்கின் அடிப்படை என்னவென்றால், இந்தக் கட்டடம் வாடகைக்குப் போனால் வருடத்துக்கு என்ன வரும் என்ற மதிப்பு. உங்கள் வீட்டை யாரும் வாடகைக்குக் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். எந்த மண்டலம், கட்டடப் பரப்பு எவ்வளவு, குடியிருப்பா கடையா, என்ன வகைக் கட்டடம், வயது என்ன என்று பார்த்து ஒரு மதிப்பு போடுவார்கள். அதன் மேல் இத்தனை சதவீதம் என்று வரி. கூடவே நூலக வரி. சொத்து வரி ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா, 1948 பொது நூலகச் சட்டத்தின்படி வருவது. ஊர் நூலகத்துக்குள் கால் வைக்காதவரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

வரி ஏன் தாவியது என்றால், சென்னைக்கு வெளியே 2008-இல் திருத்தியது, அதன் பிறகு 2018-இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். அப்போது கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொண்டார்கள். பழைய ரசீதில் தொகை ஏறி இறங்கியிருந்தால் குழம்ப வேண்டாம், அதுதான் காரணம். அப்புறம் 2022 ஏப்ரலில் வந்ததுதான் பெரிய ஏற்றம். குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம்தான்.

செட்டிநாட்டு வீடு ஒன்றுகூட 1,800-க்குக் கீழே இருக்காது. முகப்பும் பட்டாலைக் கூடமுமே அதைத் தாண்டும். ஆக நம் வீடுகள் எல்லாவற்றுக்கும் வரி இரண்டு மடங்கு. அடுத்து 2024 அக்டோபரில் 6 சதவீதம்.

ஒரு கணக்குக்கு, பழைய அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அது 4,800. ஆறு சதவீதம் சேர்ந்தால் 5,088. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். இந்தக் கணக்கில் சுமார் 254 ரூபாய் மிச்சம். தள்ளிப் போட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி.

இரண்டாங்கட்டு எழுதியது:

கோவையிலிருந்து கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அரசு இணையதளத்தில் வரி விதிப்பு எண்ணைப் போட்டால் நிலுவை தெரியும். பணம் கட்ட உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை, எண் போதும். அந்த எண்ணைத்தான் சித்தப்பா தரமாட்டார். அதற்குக் கேட்பு நோட்டீஸ் அல்லது பழைய ரசீது ஒன்று யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கும், தேடுங்கள். இல்லாவிட்டால் பேரூராட்சி அலுவலகத்தில் தெருப் பெயர், கதவு எண், பாட்டையா பெயர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எண்கள் நடுவில் மாறியிருக்கும், பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர், கண்டனூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாநகராட்சியோடு சேர்ந்ததால் உள்ளாட்சியின் பெயர் மாறியிருக்கும். பழைய பேரூராட்சிப் பெயரில் தேடிவிட்டு "என் வீட்டையே காணோம்" என்று பதறாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

எங்களுக்கு ஊராட்சி, வீட்டு வரி. நகரத்தை வைத்துப் பார்த்தால் சின்னத் தொகைதான். முன்பெல்லாம் ஊராட்சிச் செயலரைப் பிடித்துக் கையால் எழுதிய ரசீது வாங்க வேண்டும், இப்போது அதற்கும் தனி இணையதளம் வந்துவிட்டது. தொகை சின்னது என்று யாரும் கட்டாமல் விட்டுவிடுவதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது பாக்கி மொத்தமாக எதிரே வந்து நிற்கிறது.

கோட்டையூரான் எழுதியது:

எதற்காக நீங்கள் கட்ட வேண்டும்? குடியிருப்பவர் அவர். அனுபவிக்கிறவர் கட்டட்டும். நீங்கள் பணம் கொடுத்தால் அவருக்கு லாபம், கொடுக்காவிட்டால் உங்களுக்கு லாபம். பேசாமல் இருங்கள்.

தேவகோட்டை குமாஸ்தா எழுதியது:

கோட்டையூரான், அப்படி இருந்தால் கடைசியில் நஷ்டம் எல்லோருக்கும்தான். சொத்து வரி அந்தச் சொத்தின் மேலேயே ஏறும் முதல் பொறுப்பு, பாக்கியை வீட்டிலிருந்தே வசூலிக்கலாம். நில வருவாய் பாக்கிக்கு அடுத்த இடம் அதற்கு. பங்காளிகளில் யார் கட்டவில்லை என்று உள்ளாட்சி பிரித்துப் பார்க்காது, வீட்டைத்தான் பார்க்கும். சித்தப்பா நாளைக்குக் கோபித்துக்கொண்டு கட்டாமல் விட்டால், குடிநீர் இணைப்பு துண்டிப்பில் ஆரம்பித்து வட்டியோடு வந்து நிற்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மற்றவர்களுடைய பங்குக்கும் சேர்த்து ஒருவர் கட்டியிருந்தால், அந்தப் பணத்தை அவர்களிடம் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 69-ஆம் பிரிவு. ஆக சித்தப்பாவுக்குச் சட்டம் கொடுப்பது வீட்டை இல்லை, நீங்கள் தர வேண்டிய காசை. அதையும் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

அவர் இருப்பதே இரண்டாங்கட்டில்தான் என்றால், முகப்பையும் வளவையும் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி வைப்பவரும் அவராகத்தான் இருப்பார். அதை நீங்களாகவே சொன்னால் பாதிச் சண்டை அடங்கும். இது சட்டம் இல்லை, வழக்குக் கட்டுகளில் பார்த்தது.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

உண்மைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் சித்திதான் விளக்கு வைக்கிறார்.

இப்போது அடுத்த சண்டை. பங்கு போட்டுக் கட்டலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். "அப்படியானால் புள்ளிக் கணக்கில் போடலாம், ஆளுக்குச் சமம்" என்கிறார் பெரியப்பா. கடைசி வழிச் சித்தப்பாவோ "மூணு வழி, மூணு பங்கு" என்கிறார். எது சரி?

ரங்கூன் ஐயா எழுதியது:

புள்ளியை இதில் கொண்டுவராதீர்கள் ஆத்தா. வெளியூர்க்காரர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில்) கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள். அவரவர் கோயிலில் புள்ளி பதிந்து, அதன்படி வரி கொடுப்போம். அது கோயில் வரி, தலைக்கு வருவது. கோயிலில் எல்லாப் புள்ளிக்கும் உரிமை சமம், அதனால் வரியும் சமம்.

வீடு அப்படியா? வீட்டில் உரிமை வழிக்கு வழி இறங்குகிறது. உங்கள் பெரியப்பாவுக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும், வரி மட்டும் ஏழில் ஒரு பங்கு கட்டுவாராக்கும்! நல்ல கணக்கு. எங்கள் காலத்தில் வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை கேட்டால் பேரேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

முகப்புத் தூண் எழுதியது:

ஐயா சொன்னதை எண்ணில் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 5,088. மூன்று வழி என்றால் வழிக்கு 1,696. பெரியப்பா தனியாக 1,696. உங்கள் வழியில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 424. கடைசி வழியில் இரண்டு பேர், ஆளுக்கு 848. பெரியப்பா சொல்லும் கணக்கில் ஏழு பேருக்கும் சமமாகச் சுமார் 727 வரும். அவருக்கு அரையாண்டுக்கு 969 மிச்சம். அந்த ஆயிரத்துக்குள் அடங்கும் தொகைக்காகத்தான் புள்ளியை இழுக்கிறார்.

வரியை ஏழாகப் பிரிக்க ஒத்துக்கொண்டால் நாளைக்கு "வீடும் ஏழுதானே" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே மூன்று வழிக்கு வந்துவிடுவார்.

செக்காலைவாசி எழுதியது:

சொல்லிப் பாருங்கள், பலன் தெரிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

சொன்னேன். மூன்று வழிக்கு வந்துவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் எங்கள் வழிக்குள்ளேயே ஒரு சின்னச் சித்தப்பா, "அத்தைக்குச் சீர் எல்லாம் செய்து அனுப்பியாச்சு, அவளை ஏன் இதில் இழுக்கிறீர்கள், மூணு பேரே கட்டிக்கலாம்" என்கிறார். அத்தையும் "எனக்கு எதுக்கு" என்றுதான் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

தேவகோட்டை குமாஸ்தா எழுதியது:

அத்தையிடம் 424 வாங்குங்கள். தயவுசெய்து வாங்குங்கள்.

சீர் வேறு, பங்கு வேறு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய பங்கில் மகளுக்கும் உண்டு. பிறகு 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்து, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களைப் பங்காளி ஆக்கியது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கல்யாணக் கணக்கையே எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பிலேயே வந்துவிட்டது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து பிரித்துக்கொண்ட சொத்துகளை மட்டும் அது தொடாது. உங்கள் வீடு பிரியவே இல்லை.

ஐயா எந்த வருடம் இறந்தார், உயில் உண்டா என்பதைப் பொறுத்துத்தான் அத்தைக்கு உண்டான பின்னம் சரியாகத் தெரியும். ஆனால் கல்யாணம் ஆகிவிட்டது, சீர் செய்தாச்சு என்பதால் மட்டும் அது சுழியம் ஆகிவிடாது. அவருக்கு வேண்டாம் என்றால் பின்னால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் மூலம் அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கட்டும், அது அவர் இஷ்டம். வரிப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டு "அவளே வேண்டாம்னுட்டா" என்று சொல்வது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

மூன்றாங்கட்டு எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் கானாடுகாத்தான் வீட்டுக்கு ஏகப்பட்ட பரப்பு போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளம் பெருக்கல் அகலம் என்று அப்படியே எடுத்திருக்கிறார்கள் போல. முற்றம், கிணற்றடி எல்லாம் சேர்ந்துவிட்டது. மூன்றாங்கட்டில் பாதி விழுந்து பல வருடமாகிறது, ஆலமரக் கன்று முளைத்து நிற்கிறது. அதற்கும் வரி.

முகப்புத் தூண் எழுதியது:

இது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பில் கலெக்டருக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டை அளப்பது லேசான வேலை இல்லை. முகப்பில் நுழைந்தால் உள்ளே எத்தனை கட்டு, எங்கே மாடி, எங்கே வானம் பார்த்த முற்றம் என்று தெரியாது. வீடு பூட்டியிருந்தால் இரண்டு தெருவிலும் நின்று டேப்பைப் பிடித்துவிட்டுப் போய்விடுவார்.

கட்டட வரி கட்டடத்துக்குத்தான். கூரை இல்லாத முற்றம் கட்டடப் பரப்பில் வராது. வளவு முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் வரும், நடுவில் மழை விழும் இடம் வராது. கிணற்றடியும் தோட்டமும் காலியிடம், அதற்குத் தனிக் கணக்கு. விழுந்த பகுதிக்கு, விழுந்தது என்று எழுதிக் கொடுத்து, புகைப்படம் வைத்து, மறு அளவை கேளுங்கள். உரிமம் பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போட்டு வாங்கினால் பேச்சு சுருக்கமாக முடியும். வரைபடத்தில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக அளவு போடச் சொல்லுங்கள், முற்றத்தைக் கோடு கிழித்து வெள்ளையாகக் காட்டச் சொல்லுங்கள். பேரூராட்சிச் செயல் அலுவலர் பெயருக்கு மனு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். புதிய வரி விதிப்பு நோட்டீஸ் வந்திருந்தால் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபணை போக வேண்டும்.

முழு வீட்டையும் இடித்தவர்களுக்கும் இதே விதி. நிலையையும் தூணையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விற்றுவிட்டு, உள்ளாட்சிக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏட்டில் வீடு நின்றுகொண்டே இருக்கும், வரியும் ஏறிக்கொண்டே இருக்கும். இடித்த உடனே எழுதிக் கொடுத்தால் கட்டட வரி நின்று காலி மனை வரியாக மாறும்.

மூன்றாங்கட்டு எழுதியது:

ஆலமரக் கன்றோடு புகைப்படம் எடுக்கச் சொல்லியாச்சு. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் படைப்பு வீடு. யாரும் குடியிருப்பதில்லை, படைப்பு அன்றைக்கு மட்டும் திறந்து பேழையை எடுத்து வைத்துச் சாமி கும்பிடுவோம். கோயிலுக்கு வரி விலக்கு உண்டாமே, இதற்குக் கேட்கலாமா?

தேவகோட்டை குமாஸ்தா எழுதியது:

கிடைக்காது. விலக்கு பொது வழிபாட்டு இடத்துக்கு. படைப்பு வீட்டில் கும்பிடுவது உங்கள் பங்காளிகள் மட்டும், போகிற வருகிறவர் உள்ளே வர முடியாது. வாடகை வாங்காத சத்திரம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, குடும்பச் சாமிக்கு இல்லை.

இரண்டாங்கட்டு எழுதியது:

முகப்பை மட்டும் விடுதிக்கோ தங்கும் அறைகளுக்கோ விட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கானாடுகாத்தானில் இது இப்போது அதிகம். 2014-இல் யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியதிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வரத்தும் உண்டு. காசு வாங்கித் தங்க வைக்கும் பகுதி வணிக உபயோகம், அதற்கு வீத அளவு வேறு. அதை நீங்களே சொல்லி அந்தப் பகுதியை மட்டும் பிரித்து விதிக்கச் சொல்வது நல்லது. ஆய்வுக்கு வருகிறவர் முழு வீட்டையும் வணிகம் என்று எழுதிவிட்டுப் போனால் அதை மாற்ற நாளாகும்.

வாடகை வருமானம் இருந்தால் இன்னொரு பயன்: உள்ளாட்சிக்கு நீங்கள் உண்மையில் கட்டிய வரியை, கட்டிய அந்த வருடத்து வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடுகிறது. பாக்கி வைத்த வரியைக் கழிக்க முடியாது.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

பெயர் மாற்றம் பற்றி யாரும் சொல்லவில்லையே? பாட்டையா பெயரிலேயே இருக்கட்டுமா?

முகப்புத் தூண் எழுதியது:

வரி கட்டத் தடையில்லை, அதனால் அவசரமும் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். யாராவது ஒருவர் தன் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்டு மனு கொடுத்துவிடக் கூடாது. அதைத் தடுக்க, நீங்கள் மூன்று வழியின் சார்பிலும் "பாகம் பிரியாத கூட்டுச் சொத்து, எல்லாருக்கும் தெரிவிக்காமல் பெயர் மாற்ற வேண்டாம்" என்று செயல் அலுவலருக்கு ஓர் ஆட்சேபணை மனு கொடுத்து வையுங்கள்.

முறையாக மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். பாட்டையா காலத்து இறப்பு பதிவாகியிருக்காது என்பதுதான் எல்லா வீட்டிலும் இடிக்கும். ஓராண்டுக்கு மேல் பதியாத இறப்பைப் பதியக் கோட்டாட்சியர் உத்தரவு தேவை. உங்களுக்கு அது தேவகோட்டை. எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தால் அதை வைத்து வரி விதிப்பையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பத்திரம் பதியாமல் வரியை மட்டும் பிரித்துத் தரச் சொன்னால் தரமாட்டார்கள்.

ரங்கூன் ஐயா எழுதியது:

பாட்டையா பர்மாவிலோ மலாயாவிலோ இறந்திருந்தால் கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போய்ப் பயனில்லை. அங்கேதான் பதிவு இருக்கும். கொண்டுவிக்கப்போன (தொழிலுக்குக் கடல் கடந்து போன) ஊர், வருடம் பழைய கடிதங்களில் இருக்கும். பெட்டகத்தில் தேடுங்கள், செல்லரிக்காமல் இருந்தால்.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

நல்லவேளை, பாட்டையா ஊரில்தான் தவறினார்.

இதுவரை நடந்தது: ஒரு பழைய ரசீதில் எண் கிடைத்தது. இந்த அரையாண்டு வரியை நானே இணையத்தில் கட்டினேன், ரசீதைக் குழுவில் போட்டேன். எல்லோரும் தங்கள் பங்கை அனுப்பிவிட்டார்கள், அத்தை உட்பட. ஊர்ச் சித்தப்பா மட்டும் ரசீதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அப்பச்சியே கூப்பிட்டு, கடைசி மூன்று வருடத்துக்கு அவர் கட்டியதில் எங்கள் வழிப் பங்கு எவ்வளவு என்று கேட்டார். உடனே ஒரு தொகை சொன்னார். தயாராகக் கணக்கு வைத்திருந்திருக்கிறார் மனுஷன்!

செக்காலைவாசி எழுதியது:

பங்காளி என்றால் அப்படித்தான். அந்தக் கணக்கில் ஊக்கத்தொகையைக் கழித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

கழிக்கவில்லை. ரசீதில் ஊக்கத்தொகை தெளிவாகப் போட்டிருக்கிறது. அப்பச்சி "அது அவன் சீக்கிரம் போய் நின்றதற்குக் கூலி, விட்டுடு" என்கிறார், விட்டுவிட்டேன். இன்னொன்றுதான் தொண்டையில் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் முகப்பை சினிமா படப்பிடிப்புக்கு விட்டு வாடகை வாங்கினாராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

தேவகோட்டை குமாஸ்தா எழுதியது:

கூட்டுச் சொத்தில் வந்த வாடகைக்கு அவர் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வரிப் பணத்தை முதலில் கொடுத்து முடியுங்கள், ரசீது நகல்களை வாங்குங்கள். படப்பிடிப்பைப் பற்றி அடுத்த படைப்புக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது பெரியப்பா வாயால் கேட்க வையுங்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.